செம்பரம்பாக்கம் எத்தனை அடி?

எங்கப்பா போனில் பேசுகிற ஆள் இல்லை. ராத்திரி எட்டரைக்கு அடிப்பார். எடுத்து "அப்பா" என்றால் "ம்" என்பார். பின்னால் டி.வி. ஓடும்.

"சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டேம்ப்பா."

"பாபநாசம் 97."

"சரிப்பா."

"அம்மாட்ட குடுக்கேன்."

அவ்வளவுதான். இருபது விநாடி இருக்கும். என் ரூமில் இருக்கிற வேலூர்க்காரி முதல் வாரம் இதைக் கேட்டுவிட்டு, "பாபநாசம்னா யாரு, உங்க மாமாவா? 97 வயசாகுதா?" என்று கேட்டாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது, அவளுக்கு எப்படித் தெரியும்? பாபநாசம் அணையில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பெற்ற மகளுக்குத் தினமும் போன் போட்டுச் சொல்கிற அப்பா வேலூரில் இருக்க வாய்ப்பில்லை.

எனக்குக் கல்லிடைக்குறிச்சி. அப்பளம் என்றால் சிலருக்கு ஊர் ஞாபகம் வரும். அம்பாசமுத்திரத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஆறு. வெளியூர்க்காரர்கள் தாமிரபரணி என்பார்கள், எங்களுக்கு வெறும் ஆறுதான். அப்பாவுக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒன்றேகால் ஏக்கர், அதிலும் பாதி குத்தகை. ஜூனில் கார் பருவ நெல்லுக்குத் தண்ணீர் திறப்பார்களா, ஐப்பசியில் பிசானப் பருவத்துக்கு நாற்றுப் பாவலாமா, எல்லாம் அந்த அணை சொல்கிறபடிதான். பாபநாசம் நிரம்பினால் 143 அடி. மணிமுத்தாறு 118. இந்த இரண்டு எண்ணும் எனக்கு வாய்ப்பாட்டுக்கு முன்னாலேயே தெரியும். காலையில் பேப்பர் வந்ததும் அப்பா முதலில் பார்ப்பது அணை நிலவரம். பார்த்துவிட்டுப் பென்சிலை எடுத்து, தினசரி காலண்டர் தாளின் மூலையில் 'பா' என்று ஒன்று, 'ம' என்று ஒன்று, பக்கத்தில் எண். மறுநாள் கிழித்ததும் தாளை எறியமாட்டார். கரண்ட் பில்லும் உர ரசீதும் குத்திவைக்கிற கம்பியில் அதையும் சேர்த்துக் குத்திவிடுவார். "கலெக்டர் ஆபீஸ்ல கூட இப்பிடிக் கணக்கு இருக்காது" என்று அம்மா நொடிப்பாள்.

அந்த வீட்டிலிருந்துதான் 2023 ஜூனில் சென்னைக்கு வந்தேன். பி.காம். முடித்து அம்பையில் ஒரு கடையில் ஒரு வருஷம் பில் போட்டுக்கொண்டிருந்தேன். தி.நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஆள் வேண்டும் என்று தெரிந்தவர் சொல்ல, நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டேன். சம்பளம் 18,000. வேளச்சேரி விஜயநகரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல், சாப்பாட்டோடு 7,500. தி.நகரில் தங்கினால் நடந்தே ஆபீஸ் போகலாம். ஆனால் அங்கே கேட்ட வாடகையில் எங்கள் ஊரில் தார்சா, புறவாசல் வைத்த வீடே கிடைக்கும்.

வந்த முதல் நாள் குளிக்கப் போனேன். சோப்பு நுரைக்கவில்லை. தலைக்கு ஊற்றினால் முடி நார் மாதிரி முறுக்கிக்கொள்கிறது. வாயில் பட்ட தண்ணீரை நாக்கு உடனே வெளியே தள்ளியது. போர் தண்ணி. பக்கெட்டின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை. ஆற்றுத் தண்ணீருக்கு ருசி உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதுவரை தண்ணீர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஹாஸ்டலில் தண்ணீர் மூன்று ஜாதி. குளிக்க, துவைக்க போர் தண்ணி. சமையலுக்கு லாரியில் வந்து சம்ப்பில் இறங்குகிற மெட்ரோ வாட்டர். குடிக்கக் கேன், 20 லிட்டர் 40 ரூபாய். கேன் போடுகிற பையன் கீழே கேட் பக்கத்தில் வரிசையாக வைத்துவிட்டுப் போய்விடுவான். மாடி ஏற்றுவது எங்கள் பாடு. நாங்கள் இரண்டாவது மாடி. முறை வைத்து இரண்டு இரண்டு பேராகத் தூக்குவார்கள். ஒருத்தி வாய்ப்பக்கம், ஒருத்தி அடிப்பக்கம், படிக்குப் படி நிறுத்தி, மூச்சு வாங்கி, ஒரு சண்டையும் போட்டு முடிப்பதற்குள் கால் மணி நேரம்.

என் முறை வந்தபோது நான் ஒன்றும் யோசிக்கவில்லை. கேனைச் சாய்த்து முழங்காலில் ஏற்றி, ஒரு எக்கு எக்கி இடுப்பில் வைத்துவிட்டேன். ஆனால் குடத்துக்கு இடுப்பில் உட்கார ஒரு வளைவு உண்டு, கைக்குப் பிடிக்கக் கழுத்து உண்டு. கேன் நெட்டுக்கு ஒரே மாதிரி. பாதிப் படியில் வழுக்க ஆரம்பித்தது. அப்புறம் இடது கையை அடியில் கொடுத்து, விரலைக் கேனின் வரிப் பள்ளத்தில் மாட்டி, உடம்பை வலப்பக்கம் சாய்த்துக்கொண்டேன். ஏறிவிட்டது. மேலே போய்த் திரும்பினால் மூன்று பேர் படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கேன்காரப் பையன் கேட்டில் நின்று வாயைப் பிளந்துகொண்டிருந்தான். "அக்கா, ஜிம்முக்குப் போறீங்களா?"

அன்றைக்கு மாட்டிக்கொண்டேன். இரண்டாவது மாடியின் நிரந்தரக் கேன்காரி நான்தான். கைம்மாறாக வெள்ளிக்கிழமை காலை பாத்ரூமில் எனக்கு முதல் இடம். எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஒன்றரை பக்கெட் கூடுதல், யாரும் கதவைத் தட்டக்கூடாது. பேரம் பேசி வாங்கியது. இடுப்பில் ஒரு காய்ப்பு விழுந்ததுதான் மிச்சம்.

பேச்சுதான் பெரிய பாடு. "தண்ணி கோரி ஊத்தட்டா?" என்று கேட்டால், "கோரியா? கொரியாவா?" என்கிறார்கள். மொள்ளுதல் என்று சொல்லவேண்டுமாம். வாளி என்றால் புரிகிறது, ஆனால் பாட்டி காலத்து வார்த்தைபோல் சிரிப்பு. வாரியல் எங்கே என்று கேட்டு ஒரு வாரம் தரையைக் கூட்டாமலே இருந்தேன், கடைசியில் பார்த்தால் 'தொடப்பம்' கதவுக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதை வெஞ்சனம் என்று சொல்வதை நானாகவே விட்டுவிட்டேன். கோட்டி என்று மட்டும் விடவில்லை. அந்தச் சொல்லுக்கு இங்கே மாற்றே கிடையாது. லூசு என்று திட்டினால் திட்டின மாதிரியே இல்லை. இப்போது எங்கள் மாடி முழுக்க ஒருத்தியை ஒருத்தி "கோட்டி" என்றுதான் திட்டிக்கொள்கிறது. அது என் சாதனை.

விஜயநகர் உள்தெருவில் ஒரு அண்ணாச்சி கடை இருக்கிறது. "சீனி அரைக் கிலோ" என்றேன். இங்கே சக்கரை என்றல்லவா கேட்பார்கள்! அவர் தராசிலிருந்து நிமிர்ந்து, "எந்தூரும்மா?" என்றார். சொன்னேன். அவருக்குத் திசையன்விளைப் பக்கம். ஊர்க்காரரைப் பார்த்த சந்தோஷத்தில் தண்ணீர்ப் புலம்பலை அவிழ்த்துவிட்டேன். உப்பு, லாரி, கேன், முடி கொட்டுகிறது, இத்யாதி. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க ஆத்துக்காரங்க, பேசுவீங்க. எங்களுக்கு அங்கனயே கொழாய்ல தண்ணி வாரத்துக்கு ஒருக்கா. தேரிக் காட்டுல பொறந்தவன் நான். மெட்ராஸுக்கு வந்த பெறவுதான் தெனம் குளிக்கேன்." சீனியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. தெற்கு என்றால் எல்லாம் என் வீட்டுப் படித்துறை என்று நினைத்திருந்தேனே! அதற்கப்புறம் அவர் கடையில் தண்ணீரைப் பற்றி வாயே திறப்பதில்லை. பனங்கிழங்கு வந்தால் மட்டும் எனக்கென்று ஒரு கட்டு எடுத்துவைப்பார்.

காலையில் பஸ். பிங்க் கலர் பூசின பஸ்ஸுக்காக நிற்பேன், பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. சீட்டு மட்டும் கிழித்துக் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் இரண்டு டீலக்ஸ் காலியாகப் போகும். போகட்டும் என்று விடுவேன். ஆபீஸில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாள், மாதம் 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவத்துக்கு, 20-ஆம் தேதி 3பி படிவத்துக்கு. இந்த இரண்டு தேதிக்கு முந்தைய இரண்டு நாள் எங்கள் யாருக்கும் பெயரில்லை, பசியில்லை. போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்களிடம் கணக்குப் பார்க்கக் கொடுக்கிற கட்சிக்காரர்கள் கடைசி நாள் சாயங்காலம் ஒரு கட்டுப் பில்லைக் கொண்டுவந்து "மறந்துட்டேம்மா" என்பார்கள். இருபதாம் தேதியை நினைவு வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

செம்பரம்பாக்கத்துக்கு வருகிறேன். ஹாஸ்டல் வார்டன் அக்கா பேப்பரைத் திறந்தால் முதலில் பார்ப்பது ஏரி நிலவரம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், தேர்வாய்க்கண்டிகை. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எங்கப்பாவைப் போலவே விரலை வைத்து, வரி வரியாக. காரணம் கேட்டேன். "2019ல நீ இங்க இல்லல்ல, உனக்குத் தெரியாது" என்றார்.

தெரியும், டி.வி.யில் பார்த்தேன். ஏரிகள் வெடித்துக் கிடந்தது, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 50 வேகனில் தண்ணீர் வந்தது, அதற்கு மாலை போட்டு வரவேற்றது. நான் அப்போது பாளையங்கோட்டையில் கல்லூரியில் இருந்தேன். 'ரயில்ல தண்ணியா, கோட்டிப் பயலுவ' என்று சொல்லிச் சிரித்திருக்கிறோம். அக்கா சிரிக்கிற மாதிரி சொல்லவில்லை. ஆளுக்கு நாளைக்கு ஒரு பக்கெட். துணியை ஊருக்கு மூட்டை கட்டி எடுத்துப்போய்த் துவைத்துவருவார்களாம். முப்பது பேர் இருந்த ஹாஸ்டலில் பன்னிரண்டு பேர் காலி செய்துகொண்டு போனார்களாம். லாரிக்காரனுக்குப் போன் போட்டுப் போட்டு அந்த நம்பர் இன்னும் மனப்பாடம் என்று கடகடவென்று சொன்னார்.

அன்றிலிருந்து நானும் பார்க்க ஆரம்பித்தேன். ஒருநாள் ராத்திரி அப்பா வழக்கம்போல "பாபநாசம் 84" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுக்கப்போனார். எனக்கு அன்றைக்கு இன்னும் கொஞ்சம் பேசவேண்டும்போல் இருந்தது. பேச விஷயமில்லை. "இங்க செம்பரம்பாக்கம் 21-ப்பா" என்றேன்.

சத்தமே இல்லை. கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"முழு அடி எவ்ளோ?"

"24."

"இருவத்தி நாலா? வெறும் இருவத்தி நாலா?"

"ஆமாப்பா."

"அதுக்காம்மா டி.வி.ல அந்தப் பாடு படுத்துதான்?"

எனக்குச் சுருக்கென்றது. வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, இந்த ஊர்த் தண்ணீரை வாயாரத் திட்டுகிறவளும் நான்தான். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. "ஆழம் இல்லப்பா, அகலம். ஏரி. 3,645 மில்லியன் கன அடி பிடிக்கும்" என்றேன்.

"ஏரியா! அத மொதல்ல சொல்லவேண்டியதுதான." கொஞ்சம் யோசித்தார். "மறுகால் எங்க போகுது?"

"அடையாறு."

"ம்."

அன்றைக்கு ஒன்றரை நிமிஷம் பேசினோம். அதன்பிறகு எட்டரை போனில் ஒரு வரி கூடிவிட்டது. அவர் பாபநாசம் சொல்வார், நான் செம்பரம்பாக்கம் சொல்வேன். சில நாள் அரை அடி ஏறியிருந்தால் "எங்க பெஞ்சிது?" என்று ஒரு கேள்வி. அம்மாவுக்கு இது பிடிக்காது. "ஏட்டி, மனுசங்களப் பத்திப் பேசுங்கட்டி ரெண்டு பேரும்" என்பாள்.

டிசம்பர் வந்தது. 3-ஆம் தேதி ஞாயிறு ராத்திரி பிடித்த மழை, திங்கள் முழுக்க நிற்கவில்லை. மிக்ஜாம் புயல். வேளச்சேரியின் நிலைமை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டின ஊர் என்பதை வைத்தே புரிந்துகொள்ளலாம், தண்ணீர் தன் பழைய இடத்துக்குத் திரும்ப வந்தது. மத்தியானத்துக்குள் ஹாஸ்டல் தரைத்தளத்தில் முழங்கால் அளவு. கரண்ட் போனது, டவர் போனது. சம்ப்புக்குள் சாக்கடை இறங்கிவிட்டதால் மோட்டார் போட்டாலும் பிரயோஜனமில்லை. கேஸ் அடுப்பை முதல் மாடிக்குத் தூக்கினோம். கேன் நாலுதான் நிறைந்து இருந்தது, நாங்கள் முப்பத்தைந்து பேர்.

எங்க ஆச்சி மழைத்தண்ணி பிடிக்கிற முறை ஞாபகம் வந்தது. வேட்டியை நாலு மூலையிலும் இழுத்துக் கட்டி, நடுவில் கழுவின கல் ஒன்றைப் போட்டால் துணி குழிந்து அந்த இடத்திலிருந்து தாரையாக இறங்கும். கீழே குத்துப்போணியை வைப்பாள். நான் மொட்டை மாடிக்குப் போய்க் கொடிக் கம்பிக்கும் டேங்க் குழாய்க்கும் நடுவில் வேலூர்க்காரியின் புதுத் துப்பட்டாவைக் கட்டினேன். கல்லைப் போட்டேன். ஆச்சி புயலில் மழைத்தண்ணி பிடித்ததில்லை என்பது அப்போதுதான் தோன்றியது. ஒரே காற்று. கல் ஒரு பக்கம், துப்பட்டா பக்கத்து வீட்டுத் தென்னை மட்டையில். இன்றுவரை அதற்கு நான் 600 ரூபாய் கடன். பிறகு சன்ஷேடில் நீட்டிக்கொண்டிருந்த குழாயின் கீழ் பக்கெட்டுகளை வரிசை வைத்தோம். முதல் நாலு பக்கெட் மாடி அழுக்கு, அதைக் கக்கூஸுக்கு. அடுத்தது வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்க. அந்தத் தண்ணீரில் போட்ட டீக்கு உப்புக் கரிப்பே இல்லை. ஹாஸ்டலில் நான் குடித்த நல்ல டீ அது ஒன்றுதான். அந்த நேரத்திலும் ஒருத்தி "இதுல தலைக்குக் குளிச்சா முடி எவ்ளோ சாஃப்ட்டா இருக்கும்!" என்றாள்.

வியாழக்கிழமை கிண்டி வரை நடந்தும் டிராக்டரிலுமாகப் போய், ரயில் பிடித்து ஊருக்குப் போனேன். அம்மா, "அந்த நாறத் தண்ணில ஒனக்கென்ன கெடக்கு, இங்கனயே இரு" என்று ஒரு வாரம் அரற்றினாள். 15-ஆம் தேதி திரும்பிவிட்டேன். இருபதாம் தேதி இருக்கிறதே!

17 ஞாயிறு, 18 திங்கள். அந்த மழை என்னை விட்டுவிட்டு என் ஊரைப் பிடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டார்கள். திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு தண்ணீருக்குள். குறுக்குத்துறை முருகன் கோயிலைச் சுற்றி ஆறு ஓடின ஓட்டத்தை ஆபீஸ் டி.வி.யில் காட்டினார்கள். அந்தக் கோயில் வெள்ளத்தில் முங்கி எழும், சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். இது அப்படியில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. அணைகளிலிருந்து உபரி நீர் திறப்பு என்று கீழே எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா நம்பர் ஸ்விட்ச் ஆஃப். அம்மா நம்பர் தொடர்பு எல்லைக்கு வெளியே. திங்கள் ராத்திரி எட்டரை ஆயிற்று. போன் வரவில்லை. செவ்வாய் எட்டரை. வரவில்லை. எங்கள் தெரு மேடு, அங்கே ஏறாது, ஏறாது என்று வேலூர்க்காரியிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் போய் எனக்கும் சேர்த்துக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தனியாக, இடுப்பில் வைத்து.

புதன் காலை தெரியாத நம்பர்.

"நாந்தான். தெருவுக்குத் தண்ணி வரல. அம்மா நல்லாருக்கா. வயல் போச்சு."

நட்டு ஒரு மாதம்கூட ஆகாத பயிர். எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை.

"கரண்ட் இல்ல. பேப்பரும் வரல மூணு நாளா" என்றார். "பாபநாசம் எத்தனைன்னு ஒன் போன்ல பாத்துச் சொல்லு."

பார்த்துச் சொன்னேன். மணிமுத்தாறும் சொன்னேன். "சரி, இன்னொருத்தர் போனு" என்று வைத்துவிட்டார்.

அதெல்லாம் ஆகி ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. வயலில் ஏறின மண்ணை அள்ளிச் சரிசெய்து அடுத்த பிசானத்துக்கு நட்டார். எனக்குச் சம்பளம் 23,000 ஆகியிருக்கிறது. ஊர் பஸ் எல்லாம் கிளாம்பாக்கத்துக்குப் போனதில் அது ஒரு தனி அலுப்பு. அதனால் நான் ரயில்தான், தாம்பரத்தில் இறங்கிவிடுவேன். குழாயைப் பாதி திருப்பிப் பல் தேய்க்கிற பழக்கம் வந்துவிட்டது. ஊரில் அம்மா தாராளமாகத் தண்ணீர் விட்டுப் பாத்திரம் கழுவினால் கை பரபரக்கிறது. இந்த ஏப்ரலில் சித்திரை விசுவுக்குப் போயிருந்தபோது ஆற்றில் முங்கிக் குளித்துக்கொண்டே, கோடையிலும் ஓடுகிற இந்தத் தண்ணீர் எத்தனை லாரி இருக்கும் என்று மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். 12,000 லிட்டர் லாரி. கணக்கு முடிவதற்குள் பக்கத்தில் ஒரு அத்தை, "என்னட்டி, மந்திரிச்சுவிட்ட மாதிரி நிக்க, சோப்பக் குடு" என்றாள்.

அந்தத் தடவைதான் கரண்ட் பில் ஒன்று தேவைப்பட்டு அந்தக் கம்பியைக் கழற்றினேன். பேங்கில் விலாசத்துக்குக் கேட்டிருந்தார்கள். பில்லுக்கு நடுவில் நடுவில் காலண்டர் தாள். ராகுகாலம், எமகண்டம், மூலையில் பென்சில் எழுத்து. 'பா 112', 'ம 91'. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் மூன்றாவதாக ஒரு வரி. 'செ 21'. அதற்கடுத்த நாள் 'செ 21'. 'செ 21½'. நான் சொன்னதெல்லாம். நான் போன் எடுக்காத நாள்களில் 'செ' என்று மட்டும் எழுதி, எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறது.

அம்மா அடுப்படியிலிருந்து, "கெடைச்சிதா?" என்றாள். "இரு" என்றேன்.

தேதி 20 என்று சிவப்பு மசியில் ஒரு தாள், ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும் ஆபீஸ், எங்களுக்கு 3பி என்றால் ஞாயிறு ஏது. ஞாபகம் வந்துவிட்டது. எட்டரைக்கு நான் ஆபீஸில்தான் இருந்தேன். போர்ட்டல் சுற்றிக்கொண்டிருந்தது, ஒரு காதில் கட்சிக்காரர், மறு காதில் அப்பா. ஏரி நிலவரம் எதுவும் நான் பார்க்கவில்லை. "25-ப்பா, வைக்கேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

தாளின் மூலையில் 'செ 25' என்று எழுதியிருந்தார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அதற்குக் கீழே, கொஞ்சம் அழுத்தி, '24 தானே'.